பழசு ஓடும்போதே புதுசு

ஓ.எஸ். பேப்பர்ல ‘கெர்னல் என்றால் என்ன’ கேள்விக்கு முழு மார்க் வாங்கின ஆள் நான். ஆனா கெர்னல் என்ன செய்யுதுன்னு நிஜமா புரிஞ்சது போன செமஸ்டர் லீவுலதான். இடம், நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடு. மெஷின், பெரியப்பா பையன் பிளஸ் டூ-ல வாங்கின அரசு இலவச லேப்டாப். ரேம் 2 ஜிபி. வாங்கும்போது அதுல விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் ரெண்டையும் அழிச்சிட்டு ஃப்ரீபிஎஸ்டி போட்டிருந்தேன்.

அதோட சோர்ஸ் கோடு முழுசும் நம்ம கையிலேயே இருக்கும். ‘மேக் பில்டுவேர்ல்டு’ன்னு கொடுத்தா, தேவைப்பட்டால் பழைய கம்பைலர் முதல்ல ஒரு புது கம்பைலரை உருவாக்கும். அந்தப் புதுசு மீதி எல்லாத்தையும் உருவாக்கும். எல்லாம் தனி டைரக்டரியில போய்ச் சேரும். ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்துல ஒரு ஃபைலும் மாறாது.

ஆர்வக்கோளாறுல நாலு வேலையை ஒரே நேரத்துல ஓடவிட்டேன். நடுராத்திரி மெமரி தீர்ந்து நின்னுடுச்சு. ஒண்ணாக் குறைச்சதும் ஒண்ணரை நாள் ஓடிச்சு.

“இன்னுமா முடியல?”ன்னு அப்பா கேட்டார். விளக்கினேன். அடுத்து கெர்னலை மட்டும் மாத்தி, ரீபூட் பண்ணிப் பார்க்கணும். மத்த புரோகிராம்கள் அப்புறம்தான். புது கெர்னல் பழைய புரோகிராம்களை ஓட்டும். பழைய கெர்னலுக்கோ, புது புரோகிராம் கேட்கிற சிஸ்டம் கால் தெரியாமப் போகலாம். பூட் ஆகலேன்னா பழைய கெர்னல் பக்கத்துலயே பத்திரமா இருக்கும்.

அப்பா சிரிச்சார். “நம்ம முதல் அனல்மின் நிலையம் கதைதான்டா இது.” 1962-ல் ஓட ஆரம்பிச்சு 600 மெகாவாட்டா வளர்ந்தது அது. பக்கத்துல 1000 மெகாவாட் புது நிலையம் கட்டி, அதோட முதல் யூனிட் 2019 கடைசியில உற்பத்திக்கு வந்த பிறகுதான், 2020-ல் பழசை முழுசா நிறுத்தினாங்க.

கெர்னல் ஏறிடுச்சு. மீதியும் ஏறிடுச்சு. கடைசியில கான்ஃபிக் ஃபைல்களைச் சேர்க்கிற இடத்துலதான் மாட்டினேன். பாஸ்வேர்டு ஃபைல்ல பழசா புதுசான்னு கேட்டப்போ, தூக்கக் கலக்கத்துல ‘புதுசு’ன்னு கொடுத்துட்டேன். ரீபூட் பண்ணினா, ‘லாகின் இன்கரெக்ட்’. என் பேர்ல யூசரே இல்ல. புராஜெக்ட் ரிப்போர்ட் அதுக்குள்ள. பேக்கப்பும் இல்ல.

கை நடுங்க ‘ரூட்’னு அடிச்சேன். பாஸ்வேர்டே கேட்காம உள்ள விட்டுச்சு! புது ஃபைல்ல ரூட்டுக்குப் பாஸ்வேர்டு காலி. ஹோம் டைரக்டரி அப்படியே இருந்தது. ஆனா ஓனர் பேருக்குப் பதிலா வெறும் 1001. சிஸ்டத்துக்கு நான் எப்பவுமே அந்த நம்பர்தான், பேரெல்லாம் நமக்காக. அதே 1001 நம்பர்ல யூசரை மறுபடி உருவாக்கினேன். ஃபைல் எல்லாம் என் பேருக்கே திரும்பி வந்தது. அடுத்த வேலையா ரூட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டேன்.

நீங்களும் ஒரு பழைய லேப்டாப்ல முயற்சி பண்ணுங்க. பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிங்க. கான்ஃபிக் ஃபைல் கேள்வி வரும்போது மட்டும், தயவுசெஞ்சு தூங்கி எழுந்து பதில் சொல்லுங்க.