செக் ரிங்கின் பூர்வோத்தரம்

இஞ்செக்‌ஷன் மோல்டிங் யந்திரத்தின் ஸ்க்ரூ முனையில், சில மில்லிமீட்டர் தூரம் மட்டும் முன்னும் பின்னும் நகர அனுமதிக்கப்பட்ட ஓர் எஃகு வளையம் இருக்கிறது. தொழிற்கூடங்களில் அதைச் ‘செக் ரிங்’ என்பார்கள். வார்ப்பின் எடை ஷாட்டுக்கு ஷாட் மாறினாலும், அச்சு நிரம்பாமல் ‘ஷார்ட் ஷாட்’ விழுந்தாலும், முதல் சந்தேகம் அதன்மேல்தான். இத்தனை பழியைச் சுமக்கும் வஸ்துவை ஆதியில் செய்தவர் யார் என்று விசாரித்தபோது, ஆயுளெல்லாம் அதைக் கழற்றி மாட்டியவர்களும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்களேயன்றி விடை பகரவில்லை. ஆகவே பிளாஸ்டிக் தொழிலின் சரித்திர நூல்களையும் காப்புரிமைக் குறிப்புகளையும் புரட்டலானேன்.

தேடலுக்கு முன் அதன் காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்க்ரூ சுழலும்போது, உருகிய பிளாஸ்டிக் முன்னேறி வளையத்தை முன்புறம் தள்ளி, அதன் பின்னால் திறக்கும் இடைவெளி வழியே நுனிக்கு அப்பால் சேர்கிறது. சேரச் சேர ஸ்க்ரூ பின்வாங்குகிறது. போதிய அளவு திரண்டதும், சுழற்சியை நிறுத்திவிட்டு, அதே ஸ்க்ரூ 1,000 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தோடு முன்னே பாய்கிறது. அக்கணமே வளையம் பின்தங்கித் தன் இருக்கையில் அமர்ந்து, குழம்பு புறமுதுகிடாதபடி வழியை அடைக்கிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு நீருக்குச் செய்கிற காவலே இது.

அடைப்பிதழ் என்பது புராதனமான சரக்கு. அலெக்ஸாந்திரியாவில் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த டெசிபியஸின் அழுத்துபம்பிலேயே அது உண்டு. எனவே ஹயாட் சகோதரர்கள் 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு யந்திரத்திலும் இப்படியொரு காவல் இருக்குமென்று எதிர்பார்த்துச் சென்றேன். இல்லை. அங்கே சூடான உருளைக்குள் ஒரு பிளஞ்சர் பொருளை நெருக்கித் தள்ளுகிறது, அவ்வளவே. உருளையின் சுவரோடு பொருந்திய பிளஞ்சரைத் தாண்டிப் பின்னால் போக வழி ஏது?

பின்னர் ஸ்க்ரூவின் கிளைவழியைப் பிடித்தேன். தந்திக் கம்பிகளுக்குக் கட்டாபெர்ச்சா உறை போர்த்துவதற்கென மாத்யூ கிரே 1879-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஸ்க்ரூ யந்திரம், நின்ற இடத்திலேயே ஓயாது சுழன்று பொருளைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வளையம் வேண்டியிருக்கவில்லை. சுழலும் ஸ்க்ரூவே பொருளை இடைவிடாமல் முன்னே உந்தி நிற்கிறது.

இரண்டு யந்திரங்களும் தத்தம் வழியில் போயிருந்தால் செக் ரிங் பிறந்தே இராது. ஆனால் பிளஞ்சர் யந்திரத்துக்கு ஒரு பெருங்குறை: பிளாஸ்டிக் உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா மந்தம். சுவரோரம் கருகும் தறுவாயில் நடுப்பகுதி உருகாமல் கிடக்கும். பொருளை மெல்லிய படலமாகச் சுவரோரம் பரப்ப ‘டார்ப்பிடோ’ என்னும் கருவியை நடுவே வைத்தார்கள். அது உஷ்ணத்தைச் சமன்செய்த அளவுக்கு அழுத்தத்தைத் தின்றது. சுழலும் ஸ்க்ரூவோ பொருளைப் பிசைந்து, உராய்வினாலேயே உருக்கித் தருகிறது. லுட்விக்ஸ்ஹாஃபனில் ஹான்ஸ் பெக் 1943-இல் கோரிய காப்புரிமையும், அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி 1946-இல் அமைத்த ஸ்க்ரூ யந்திரமும், வில்லியம் வில்லர்ட் 1952-இல் விண்ணப்பித்து 1956-இல் பெற்ற காப்புரிமையும் இந்தத் திசையில் நடந்தவை; அதே 1956-இல் நியூரம்பர்க்கின் அங்கர்வெர்க் நிறுவனம் முன்பின் நகரும் ஸ்க்ரூ யந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மானியர் ஒருவரையும் அமெரிக்கர் மற்றொருவரையும் பிதாவென்று கொண்டாடுவதில் எனக்குச் சுவாரஸ்யம் இல்லை. நான் தேடிய விடை வேறிடத்தில் இருந்தது: உருக்கும் வேலையையும் தள்ளும் வேலையையும் ஒரே தண்டின் தலையில் கட்டிய அந்த நாளில்தான், திருகுப் பள்ளத்தின் வழியே குழம்பு திரும்பி ஓடும் அபாயமும், அதைத் தடுக்கும் வளையத்தின் அவசியமும் கூடவே உண்டாயின.

அப்புறம் அதன் வடிவங்களில் மனம் லயித்துவிட்டது. வளையத்துக்குப் பதில் எஃகுக் குண்டை வைத்தால் அடைப்பு விரைவும் உறுதியும் பெறும். ஆனால் குறுகிய துளைகளில் நெருக்குண்டு, சூடு தாங்காத பிளாஸ்டிக் கெட்டுப்போகும். கண்ணாடி நார் கலந்த நைலான் வளையத்தின் விளிம்பை அரம்போல் ராவிவிடும் என்பதால், ஸ்க்ரூ சுழலும் உருளையான பேரலைவிடச் சற்று மென்மையான எஃகில் வளையத்தைச் செய்வதுண்டு: விலை குறைந்தது தேயட்டும், விலை உயர்ந்தது பிழைக்கட்டும் என்ற கணக்கு. ஸ்க்ரூவின் சுழற்சியில் நுனி கழன்றுவிடாதிருக்க அதன் மரையைப் பெரும்பாலும் இடமரையாக வெட்டுகிறார்கள். புதிதாய் வந்த பையன் வழக்கப்படி திருகினால் இன்னும் இறுகுமே தவிர அசையாது. கெட்டி பிவிசிக்கோ இந்த வளையமே ஆகாது. இடுக்குகளில் தேங்கினால் சிதைந்துவிடுமாதலால், அதற்கு வெறும் கூம்பு நுனிதான். குழம்பின் பிசுப்பே பெரும்பாலும் தடையாக நிற்கிறது.

வளையம் இருக்கையை அடைவதற்குள் நழுவிப்போகும் சிறு அளவு குழம்பு மட்டும் இன்னும் வடிவமைப்போரை விடவில்லை. நழுவுவது ஒவ்வொரு ஷாட்டிலும் சமமாயிருந்தால் கவலையில்லை. சமமாயிராதபோதே எடை மாறுகிறது. இதற்காகச் சில யந்திரங்களில், பாய்வதற்கு முன் ஸ்க்ரூவைச் சிறிது எதிர்த்திசையில் சுழற்றி, வளையத்தைக் காலம் தாழ்த்தாமல் அமரச் செய்கிறார்கள்.