தேரிக்காட்டு ஓரத்தில் ஆவாரை

திருச்செந்தூரிலிருந்து மேற்கே சாத்தான்குளம் நோக்கிச் செல்லும் சாலையில், காயாமொழியை நெருங்கும்போதே மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. கடற்கரையின் வெண்மணல் பின்தங்கி, இரும்புத்துரு கலந்த செம்மணல் மேடுமேடாய் எழுகின்றது. இதுவே தேரி. ஆனி ஆடி மாதங்களில் மேற்கு மலைத்தொடர் மழையைத் தனக்கென நிறுத்திக்கொண்டு, காற்றை மட்டும் இந்தச் சீமைக்கு அனுப்பி வைக்கும். அக்காற்றில் மணல் இடம்பெயரும்; பனைகள் மட்டும் அசையாது நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைதான் இங்குள்ளோர்க்கு ஆண்டு முழுவதற்குமான வரவு.

மணப்பாட்டுக்கும் உவரிக்கும் செல்லும் நம் குடும்பங்கள் பல இவ்வழியே வண்டியில் விரைந்து கடந்திருக்கும். சென்ற தை மாதத்தில் நாங்கள் விரையாமல் சென்றோம். சாலையின் இருமருங்கும், எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், ஆவாரை பொன்னாய்ப் பூத்திருந்தது. இடுப்பளவு உயர்ந்த செடிகள், சில ஆளுயரம். ஆடுகள் அவற்றினூடே மேய்ந்தன; ஆயினும் இலையில் வாய் வைக்கவில்லை. வேலியற்ற வெளியிலும் இச்செடி பிழைத்திருப்பதற்கு அதன் சுவையின்மையும் ஒரு காரணம்.

தேரியின் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் இல்லத்தில் அன்று தங்கினோம். வாசலிலிருந்து தெருக்கதவு வரை இருபுறமும் ஆவாரையே வரிசையாய் நின்றது கண்டு வியந்தோம். முன்பு அவ்விடத்தில் ரோஜாவும் புல்தரையும் இருந்தனவாம். கிணற்று நீர் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. இறங்க இறங்க உவர்த்தது. கடலோரச் சீமையில் மிகுதியாய் நீர் இறைத்தால் கடல்நீர் உள்ளே புகுந்து விடுகிறதல்லவா? பிறகு லாரித் தண்ணீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் விலைக்கு வாங்கிய நீரில் ஒரு பங்கைப் புல்லுக்கு ஊற்ற நேர்ந்தபோதுதான் அந்த அம்மையார் மனம் பொறுக்காமல், "இனிப் பூந்தோட்டம் வேண்டாம்" என்றாராம்.

பூந்தோட்டம் வேண்டாமென்று சொல்லத்தான் முடிந்தது. பூ இல்லாமல் இருக்க முடியவில்லை. ஆகவே சாலையோரத்து ஆவாரையை வீட்டுக்குள் அழைத்தார்கள். அங்கேதான் வழக்குத் தொடங்கிற்று. ஆசிரியரின் அன்னைக்கு எண்பது வயதைக் கடந்த அகவை. "வேலியோரம் கிடக்கிற செடிக்கு வாசல்ல என்னல வேலை? ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?" என்று மகனைக் கடிந்தார். அவ்வன்னையின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விலை கொடுத்து வாங்கியதே அழகு என்று நம்மை நாமே பழக்கிக்கொண்டு நெடுநாளாயிற்று.

ஆனால் நம் முன்னோர் இம்மலரை இகழவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும்போது ஆவிரைக்கும் இடமளித்தார். மடலேறத் துணிந்த சங்ககாலத் தலைவன் பனைமடலால் குதிரை செய்து, ஆவிரை மாலை சூடித் தெருவில் வந்தான் என்று படிக்கிறோம். பனையும் ஆவாரையும் அருகருகே நிற்கும் இந்நிலத்தைக் கண்டபின், அவனுக்கு அவை எளிதில் கிடைத்திருக்கும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்கள். 2014ஆம் ஆண்டில் பிறந்த தெலங்கானா மாநிலமோ இதனையே தன் மாநில மலராக ஏற்றது.

ஒருகாலத்தில் பூவினும் பட்டைக்கே மதிப்பு மிகுதி. தோல் பதனிடும் துவர்ப்பு அதில் உண்டு. தமிழகத்துத் தோல் தொழிலுக்கு ஆவாரம்பட்டையே நெடுங்காலம் முதுகெலும்பாய் இருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. பின்னர் குரோமிய உப்பு வந்தது. பட்டை உரிப்போர் குறைந்தனர். இன்றோ பூவுக்கும் பொடிக்கும் விலை வந்திருக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது செடிகள் அழிகின்றன. எஞ்சிய தரிசுகளில் சீமைக்கருவேல் புகுந்து இடத்தைப் பறிக்கிறது. மிஞ்சியவற்றிலும் கிளையோடு ஒடித்துச் சாக்கில் நிறைத்துச் செல்வாரைக் கண்டோம். கிளையே போனபின் அடுத்த பருவத்திற்குக் காய் எங்கே, விதை எங்கே?

எனவே வேண்டியவர் தம் வீட்டிலேயே வளர்ப்பது நல்லது. சாலையோரத்துச் செடியைப் பிடுங்கி வந்து நட எண்ணாதீர்கள். அதன் ஆணிவேர் ஆழம் போவது. அறுபட்டால் செடி பிழைப்பது அரிது. தட்டையான காய்கள் பழுப்பு நிறமாகிச் சலசலக்கும்போது விதை எடுக்கலாம். விதையின் தோல் கடினமானது. ஆதலால் கரடுமணலில் சற்றே தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பாக, நிற்கவேண்டிய இடத்திலேயே குழிக்கு இரண்டு மூன்றாய் ஊன்றவேண்டும். செடிக்குச் செடி ஐந்தடியேனும் இடைவெளி இருக்கட்டும். நல்ல வெயில் படவேண்டும், நீர் தேங்கலாகாது. கொழுத்த எருவும் வேண்டாம்.

முதற்கோடையில் மட்டும் வாரம் பத்து நாளுக்கொரு முறை ஒரு குடம் நீர் போதும் என்றார் ஆசிரியர். அதன்பின் அவர்கள் நீர் வார்ப்பதே இல்லை. நாள்தோறும் ஊற்றினால் இச்செடி நன்றி பாராட்டுவதில்லை, வேர் அழுகும். காய் முற்றியபின் கிளைகளில் மூன்றிலொரு பங்கைக் கழித்துவிட்டால் அடுத்த மழைக்குப் புதிதாய்த் தழைக்கிறது. கழித்த தழை நெல்வயலுக்கு நல்ல உரம் என்பது பழைய உழவர் அறிந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் அச்செடிகளருகே நெடுநேரம் நின்றோம். இம்மலரில் தேன் இல்லை. மகரந்தமோ கேசரத்தின் நுனியிலுள்ள நுண்துளைக்குள் அடைபட்டிருக்கிறது. பெரிய கருவண்டு ஒன்று வந்து பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே உடலை அதிரவைத்து ரீங்கரித்தது. உப்புக்கலத்தை உதறினாற்போல் மகரந்தம் பொழிந்தது. சில இலைகளில் பச்சைப் புழுக்கள் இருந்தன. "மருந்து அடிப்பதில்லை, அவைதாம் பின்னர் மஞ்சள் பட்டாம்பூச்சிகளாகின்றன, தின்ற இலை மீண்டும் துளிர்க்கும்" என்றார் அம்மையார்.

காலையில் உலர்ந்த ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்து, உடன்குடிக் கருப்பட்டி சேர்த்து அளித்தார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியை நம்பி, சர்க்கரை நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடும் அன்பர்கள் சிலரை அறிவோம். அது கூடாது. பானமாக அருந்துங்கள், மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கருப்பட்டி சேர்ந்த பின்னர் அது சர்க்கரைக்காரர்க்கு ஏற்றதும் அன்று!

நாங்கள் புறப்படுகையில் அந்த மூதாட்டி திண்ணையில் அமர்ந்து, முறத்தில் காய்களை உடைத்து விதை பிரித்துக்கொண்டிருந்தார். செடியைப் பற்றிய தம் கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாக எங்களிடம் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கா" என்று மட்டும் சொல்லி, எங்களுக்கும் ஒரு பிடி விதையைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.