வீட்டு வாசலில் ஓர் அமானிதம்

விலை கொடுத்து வாங்கிய பொருள் நமக்கே உரியதா? கேட்போர்க்கு இது வேடிக்கையான வினாவாகத் தோன்றலாம். அரிவாள்மனையும் ஆட்டுக்கல்லும் இருந்த வீடுகளில் இந்த ஐயம் எவருக்கும் எழுந்ததில்லை. பழுதுற்றால் கொல்லரும் கல்தச்சரும் செப்பனிட்டுத் தந்தனர். இன்றோ, நம் இல்லங்களின் மூலையில் ஓசையின்றி ஒளிரும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டி இவ்வினாவை மெய்யாகவே எழுப்புகின்றது.

இணையத்திலிருந்து வருவனவற்றையும் இல்லத்திலிருந்து செல்வனவற்றையும் உரிய இடம் சேர்க்கும் வாயிற்காவலன் இது. திசைவி என்று தமிழில் வழங்குவர். அதனுள் இருப்பது ஒரு சிறு கணினியே. அதனை இயக்கும் மென்பொருளுக்கு நிலைபொருள் என்று பெயர். அதில் குறை காணப்படும்போதெல்லாம் உற்பத்தியாளர் திருத்தம் வெளியிட்டாக வேண்டும். இல்லையேல் கயவர்க்குக் கதவு திறந்து கிடக்கும்.

என் வீட்டுப் பெட்டி பழுதுபடவில்லை. அதற்குரிய திருத்தங்கள்தாம் நின்றுவிட்டன. உற்பத்தியாளரிடம் வினவியபோது, புதியதொன்று வாங்கிக்கொள்ளுமாறு ஒற்றை வரியில் விடை வந்தது. மகளின் பாடங்களும், வங்கிக் கணக்கும், வளைகுடாவில் வாழும் தம்பியோடு அன்னையார் பேசும் பேச்சும் அவ்வாயில் வழியேதான் செல்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. திறவுகோலோ பிறர் கையில். இந்த முரண்பாடே என்னை மாற்று வழி தேடச் செய்தது.

அவ்வழிக்கு ஒரு வரலாறு உண்டு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரவுட்டரை வெளியிட்டது. அதனுள் இயங்குவது லினக்ஸ் என்பதை 2003இல் நிரலாளர் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸ் பொது உரிமம் பெற்ற மென்பொருள். எவரும் அதனைப் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஆயின் பிறருக்கு வழங்குவோர், அதன் மூல நிரலையும் பெறுவோர்க்கு அளித்தல் வேண்டும். இந்நிபந்தனையைச் சுட்டிக்காட்டி நிரலாளர் கேட்க, அவ்வாண்டே மூல நிரல் வெளியாயிற்று. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004இல் எழுந்ததே ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்னும் திட்டம். உலகெங்குமுள்ள தன்னார்வலர் அதனை வளர்த்து வருகின்றனர். 2016இல் கருத்து வேற்றுமையால் அவர்களுள் ஒரு சாரார் பிரிந்து சென்றதும், 2018இல் இரு சாராரும் மீண்டும் ஒன்றானதும் நம் சமுதாயம் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தியாகும்.

என் பழைய பெட்டியின் சேமிப்பு நினைவகம் 4 மெகாபைட்டே. இன்றைய பதிப்புகளுக்கு அது போதாது. எனவே புதியது வாங்குதல் தவிர்க்க இயலாததாயிற்று. எனினும் இம்முறை விளம்பரத்தையும் அலைவாங்கிகளின் எண்ணிக்கையையும் நோக்கவில்லை. சேமிப்பு நினைவகம் 16 மெகாபைட்டுக்கும் செயல் நினைவகம் 128 மெகாபைட்டுக்கும் குறையாதிருத்தல் வேண்டும் என்பது முதல் அளவுகோல். திட்டத்தினர் வெளியிட்டுள்ள கருவிப் பட்டியலில் அது இடம்பெறல் வேண்டும் என்பது இரண்டாவது. மாதிரிப் பெயர் ஒன்றாயிருப்பினும் பதிப்பு எண் மாறினால் உள்ளிருக்கும் சில்லே மாறிவிடக் கூடும். ஆகவே பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள எண்ணைப் படித்த பின்னரே பணம் கொடுத்தேன்.

புதிய நிலைபொருளைப் பதிக்குங்கால் நிதானம் தேவை. இடையில் மின்சாரம் நின்றால் கருவி செங்கல்லாகிவிடும் என்பர். அதனை மீட்பது எளிதன்று. ஆதலால் கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, கம்பிவழி இணைத்து, மின்கல இருப்பின் துணையோடு பதித்தேன். முதற்கண் கடவுச்சொல் அமைத்தேன். விருந்தினர்க்கும் மலிவு விலைக் கேமராவுக்கும் தனி வலையமைப்பு வகுத்தேன். பெரிய கோப்பொன்று இறங்கும் நேரத்திலும் அன்னையாரின் உரையாடல் அறுபடாதவாறு தரவு வரிசையை ஒழுங்குபடுத்தினேன். இப்போது அவர் தம் மகனுடன் தடையின்றிப் பேசுகின்றார்.

அலைபரப்பும் ஆற்றலை வரம்பு மீறி உயர்த்தலாமே என்று மாணவர் ஒருவர் வினவினார். நாட்டின் பெயரை மெய்யாகக் குறித்து, சட்டம் வகுத்த அளவில் நிற்பதே முறை என்றேன். வானலை எல்லார்க்கும் பொது. நம் அலை அண்டை வீட்டாரின் இணைப்பைக் கெடுக்குமாயின், அது அவர்தம் உரிமையைப் பறிப்பதன்றோ? அண்டை வீட்டார்க்குரிய கடமையை வலியுறுத்தும் மார்க்கத்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெற்ற அறிவைப் பூட்டி வையாது பிறர்க்கும் அளித்திடுக என்பதே அப்பொது உரிமத்தின் சாரம். அமானிதம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டைக் கணினித் துறையில் நான் கண்டதில்லை. முகமறியாத பலர் உழைத்துத் தந்த காவலால் இன்று என் இல்லம் பாதுகாப்புப் பெற்றிருக்கின்றது. அக்கடனை அவர்களிடமே திருப்பிச் செலுத்த எனக்கு வழியில்லை. அடுத்தவர்க்குக் கற்றுக்கொடுத்தே தீர்க்க இயலும். அன்பு மாணவச் செல்வங்களே! பயனாளராய் மட்டும் நின்றுவிடாதீர். கருவியின் உள்ளே நோக்குங்கள், அறிந்ததைத் தமிழில் எழுதுங்கள், அயலார்க்கும் கற்பியுங்கள். வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக!