அப்பா, இன்வெர்ட்டர், குளியல்தொட்டி

போன ஐப்பசியில ஒரு ராத்திரி. நல்ல மழை. ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கணும். 'இன்வெர்ட்டர் இருக்குல்ல'ன்னு நான் புரண்டு படுத்தேன். நாலாவது நிமிஷம் பீப் பீப். பேட்டரி காலி.

சரி, சிலிண்டர் இருக்கேன்னு ஓடினா, வால்வு திறக்குற சாவியைக் காணோம். அம்மா டார்ச் பிடிக்க, வீட்டையே கவுத்துப் போட்டு, கடைசியில தையல் மெஷின் டிராயர்ல கிடைச்சுது. அதுக்குள்ள பதினோரு நிமிஷம். அப்பா ஒண்ணும் திட்டல. மூச்சு வாங்கிக்கிட்டே என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். திட்டியிருந்தா தேவலாம்.

நான் பொட்டி தட்டுற ஆசாமி. ஆனா அந்த ராத்திரிக்கு அப்புறம் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் (நம்பகப் பொறியியல்னு வச்சுக்கலாமா?) படிக்க ஆரம்பிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன், தப்பிருந்தா விவரம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

முதல் பாடம், பெருக்கல். ஜெர்மன்காரர் ராபர்ட் லுஸ்ஸர், இரண்டாம் உலகப்போர்ல வி-1 பறக்கும் குண்டை வடிவமைச்சவர்ல ஒருத்தர். அவர் பேர்லயே ஒரு விதி இருக்கு. வரிசையா ஒண்ணை ஒண்ணு நம்பியிருக்குற பாகங்களோட நம்பகத்தை எல்லாம் பெருக்கணும். 100க்கு 95 தடவை ஒழுங்கா வேலை செய்யுற நாலு பாகம் சேர்ந்தா, மொத்தம் 95 இல்ல, சுமார் 81 தான். சங்கிலியோட பலம் அதோட பலவீனமான கண்ணின்னு சொல்வோமே, நிஜம் அதைவிட மோசம்!

ரெண்டாவது, மாற்று ஏற்பாடு. 90 சதவீதம் நம்பலாங்குற ரெண்டை இணையா வச்சா 99 சதவீதம். ஆஹான்னு தோணும். ஆனா ரெண்டும் ஒரே காரணத்தால சாகக் கூடாது. 2011 மார்ச்ல ஃபுகுஷிமாவுல நிலநடுக்கத்துல வெளி மின்சாரம் போச்சு. டீசல் ஜெனரேட்டருங்க ஓட ஆரம்பிச்சுது. சுனாமி தண்ணி வந்து பெரும்பாலானதை ஒரே நேரத்துல முடக்கிடுச்சு. எங்க வீட்டுல பேட்டரிக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் பாத்துக்க வேண்டியவன் நான். என் மறதிதான் அந்தச் சுனாமி.

மூணாவது, குளியல்தொட்டி வளைவு. புதுப் பொருள்ல ஆரம்பத்துல பழுது அதிகம், நடுவுல கம்மியா சமமா இருக்கும், வயசான அப்புறம் மறுபடி ஏறும். படம் போட்டா தொட்டி மாதிரியே இருக்கும். எங்க பேட்டரிக்கு ஆறு வயசு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி எத்தனை மாசம் ஆச்சுன்னு கேக்காதீங்க.

என்னை உலுக்கினது நாலாவதுதான்: மறைஞ்சிருக்குற பழுது. ஃபேன் நின்னா உடனே தெரியும். சும்மா நிக்குற பேட்டரி செத்தா, தேவைப்படுற அன்னிக்குத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை சோதிச்சா, நடுவுல செத்தது சராசரியா ஆறு மாசம் பொணமா கிடக்கும், நாம அதை நம்பித் தூங்குவோம். மாசாமாசம் சோதிச்சா அது பதினஞ்சு நாள். ஒரு பைசா செலவில்ல.

இப்ப மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை காலையில மெயினை அணைச்சு இருபது நிமிஷம் ஓட்டுறோம். சாவி சிலிண்டர் கழுத்துலயே சணல்ல தொங்குது. சின்ன சிலிண்டர்ல 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா பன்னெண்டரை மணி நேரம் வரும்னு அப்பாவே கணக்குப் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கார். போன மாசச் சோதனையில ரெகுலேட்டர் வாஷர் கசியுறது தெரிஞ்சுது. பகல்லயே மாத்தியாச்சு.

இந்த ஞாயிறு நான் தூங்கிட்டேன். அப்பாதான் எழுப்பினார், கையில வாட்ச்.

"ஏன்டா, இன்னிக்கு டெஸ்ட் கிடையாதா?"

உங்க வீட்டு இன்வெர்ட்டரைக் கடைசியா எப்ப சோதிச்சீங்க மக்கா? :-)