அப்பா கொடுத்த அரக்கத்தி

"இதென்ன, இத்தனை கறுப்பா ஒரு கத்தி? எவர்சில்வரில் ஒன்று வாங்கக் கூடாதா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. அது என் அப்பா பழைய அரத்தில் செய்து கொடுத்த கத்தி.

அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அம்மா போன பிறகு ராசிபுரத்தில் எங்களோடு வந்து இருந்தார். நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். பேச்சே கிடையாது. எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரு நாள் பூசணிக்காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் பாய்ந்துவிட்டது. நாலு தையல், டெட்டனஸ் ஊசி. கட்டோடு வந்த என்னிடம் அப்பா அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தார். "கூரான கத்தியைவிட மழுங்கினதுதான் ஆபத்து, கண்ணு. அதைத்தானே அழுத்திப் பிடிக்கிறோம்" என்றார். பல மாதங்களில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்!

மறுநாள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பல் தேய்ந்த இரண்டு அரங்களை எடுத்துக்கொண்டு ஆசாரி பட்டறைக்குப் போனார்.

அரம் என்பது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கார்பன் சேர்ந்த உருக்கு. அதனால்தான் இரும்பையே ராவுகிறது. அதைச் சிவக்கக் காய்ச்சி, ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டால் மெதுவாகும். பிறகு பல்லைத் தேய்த்து, கத்தியாக உருவாக்கி, காந்தம் ஒட்டாத அளவுக்கு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும்.

முதல் கத்தி அழகாகத்தான் வந்தது. கை தவறித் தரையில் விழுந்ததும் கண்ணாடி மாதிரி இரண்டு துண்டு! மறுபடி திண்ணைக்கே போய்விடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. அப்பாவோ சிரித்தார். "அவசரப்பட்டுட்டேன், சாமி. தோய்ச்சல் போட்டேன், பதம் இளக்கலை."

தோய்த்த உருக்கை மினுக்கி, காய்ந்த வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் காட்ட வேண்டுமாம். அப்போதுதான் கூரும் நிற்கும், உடையவும் உடையாது. இரண்டாவது அரத்தில் அதையும் பொறுமையாகச் செய்து, புளியமரக் கைப்பிடி போட்டுக் கொண்டுவந்தார். அன்று சாப்பிடும்போது பேரனுக்குக் கஞ்சமலை இரும்புக் கல்லைப் பற்றியும், 1830-களில் சேலம் ஜில்லா இரும்புக் கல்லைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் ஆலை நடத்தியதையும் கதை கதையாகச் சொன்னார். நான் ரசம் ஊற்றுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்தக் கத்தி எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுக்கும்; ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவேன். காய்ச்சுவது, தோய்ப்பதெல்லாம் பட்டறை வேலை. வீட்டு அடுப்பில் முயல வேண்டாம். சுடு எண்ணெய் தீப்பற்றிக்கொள்ளும்.

அப்பா போய் ஐந்து வருஷமாகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் "நீங்க சும்மா இருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், சகோதரிகளே. அவர்களுக்குத் தெரிந்த வேலை எதையாவது செய்து தரும்படி கேளுங்கள்.