குணச்சித்திரம்

தமிழில் ‘குணச்சித்திர நடிகர்’ என்றொரு வழக்கு உண்டு. கதைத் தலைவனாக வாராமல், ஒரு படத்தில் தந்தையாகவும், மற்றொன்றில் காவல் அதிகாரியாகவும், இன்னொன்றில் கொடியவனாகவும் வந்து கதைக்கு உயிர்கொடுக்கும் கலைஞரை அவ்வாறு அழைக்கிறோம். குணத்தைச் சித்திரமாக்குபவர் என்பது எவ்வளவு அழகான ஆக்கம்! அரபியில் நடிகனுக்கு ‘முமஸ்ஸில்’ என்று பெயர். ‘போன்றது’ எனப் பொருள்படும் ‘மிஸ்ல்’ என்னும் சொல்லின் வேரில் பிறந்தது அது. ஒன்றைப்போல் இருந்து காட்டுபவன் என்பது கருத்து.

அரபியும் தமிழும் கற்பித்து முதுமையை நெருங்கிவிட்ட மதரஸா ஆசிரியன் ஒருவனுக்கு நடிகரைப் பற்றி என்ன எழுத இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கலாம். எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் அந்தக் கலைஞரைச் சொல்லிவிடுகிறேன்.

செங்கற்பட்டு மண்ணில் 1958இல் பிறந்தவர் நாசர். பள்ளிப் படிப்பு அங்கேயே, புனித ஜோசப் பள்ளியில். புகுமுக வகுப்புக்கு அவர் வந்தது எங்கள் தாம்பரத்திற்கு. 1837இல் தோன்றி, ஒரு நூற்றாண்டு கழித்து 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டிடையே குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் பயின்றார்; அங்கே நாடக மன்றத்தில் ஊக்கமுடன் பங்கு கொண்டார். பின்னர்ச் சிறிது காலம் இந்திய விமானப் படையில் பணி. அதன் பிறகே தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் பயிற்சிப் பள்ளியிலும், அரசின் திரைப்படக் கல்லூரியிலும் நடிப்பை முறையாகக் கற்றார். மகனை நடிகனாகக் காண விரும்பி அவ்வழியில் செலுத்தியவர் அவருடைய தந்தையே என்பது பலரும் அறிந்த செய்தி. நம் சமுதாயத்தில் இத்தகைய தந்தையர் அரியர். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தும்.

டி. எஸ். பாலையா, எஸ். வி. சுப்பையா போன்ற முந்தைய தலைமுறையினர் இளமையிலேயே நாடகக் குழுக்களில் சேர்ந்து மேடையில் தேர்ந்து திரைக்கு வந்தவர்கள். நாசர் வகுப்பறையில் கற்று வந்த தலைமுறை. 1985இல் கே. பாலசந்தரின் ‘கல்யாண அகதிகள்’ வாயிலாக அறிமுகமானார். ‘நாயகன்’ (1987) படத்தில் காவல் அதிகாரி, ‘ரோஜா’வில் (1992) இராணுவ அதிகாரி, அதே ஆண்டு ‘தேவர் மக’னில் பகையே உருவான மாயத் தேவர். தொலைக்காட்சியிலும், கலைஞரின் ‘தென்பாண்டிச் சிங்கம்’ தொடராக வந்தபோது வாளுக்குவேலி அம்பலமாகத் தோன்றினார். ‘பாகுபலி’யின் (2015, 2017) சூனமுற்ற கையும் சூழ்ச்சி நெஞ்சும் கொண்ட பிஜ்ஜலதேவனை இன்றைய சிறுவரும் அறிவர். 2015இல் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

‘நாஸிர்’ என்னும் அரபுச் சொல்லுக்கு உதவுபவன் என்பது பொருள். குணச்சித்திர நடிகரின் தொழிலும் அதுதானே? பிறருடைய கதை நிறைவுபெறத் தோள்கொடுத்துவிட்டு விலகி நிற்பது.

1995ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ‘குருதிப்புன’லில் அவர் தீவிரவாதக் குழுவின் தலைவர். தாமே இயக்கிய ‘அவதார’த்தில் தெருக்கூத்தையே வாழ்வாகக் கொண்ட ஏழைக் கலைஞன். மணிரத்னத்தின் ‘பம்பா’யில் இந்துத் தந்தை நாராயண பிள்ளை, அப்படத்தில் முஸ்லிம் தந்தை பஷீராக நடித்தவரோ கிட்டி எனப்படும் ராஜா கிருஷ்ணமூர்த்தி. முஸ்லிம் இந்துவாகவும், இந்து முஸ்லிமாகவும் இடம்மாறி நின்றனர். அப்படத்தின்மீது நம்மவர்க்கு மனத்தாங்கல்கள் இருந்தன. அவற்றுள் சில நியாயமானவையே. ஆயினும் இந்த இடமாற்றத்தை என்னால் எளிதாகக் கடந்துவிட முடியவில்லை. மற்றவன் வீட்டு முற்றத்தில் நின்று, அவன் மகனுக்காக அவன் கோபத்தையே கோபித்துப் பார்ப்பது எளிய செயலன்று.

அடுத்த ஆண்டு ‘அவ்வை சண்முகி’. அதில் அவர் பாஷா என்னும் முஸ்லிம் சமையற்காரர். வயிற்றுப் பிழைப்புக்காக ஐயர் வீட்டில் ஊமைப் பிராமணராக வேடமிட்டுச் சமைக்கிறார். பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும்; ஆகவே ஊமை. வீட்டில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் அதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வேறு வேலையாக அவ்வழியே சென்ற நான் நின்றுவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் முன்னே ஊமையாகிப்போன ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான்.

அவனுக்குத் திக்குவாய். கிதாபை வாசிக்கச் சொன்னால் முதற் சொல்லிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும், முகம் சிவக்கும், பிற மாணவர் வாய்பொத்திச் சிரிப்பர். ஒருநாள் நான் வகுப்புக்குச் சற்றே தாமதமாகச் சென்றேன். கதவருகே செல்லும்போதே உள்ளே என் குரல் கேட்டது! அதே இழுவை, அதே இருமல், ‘விளங்குச்சா?’ என்று நான் கேட்கும் அதே கேள்வி. எட்டிப் பார்த்தேன். அவன்தான். ஓரிடத்திலும் திக்கவில்லை. ஆறு போல் ஓடிற்று பேச்சு.

நான் அதைக் கவனித்தேனா? இல்லை. என் மானம் போனதை மட்டுமே கவனித்தேன். உஸ்தாதைப் பழிக்கிறாயா என்று எல்லோர் முன்னும் கடிந்தேன். பிறரைப்போல் நடித்துக்காட்டுவது கூத்தாடியின் வேலை என்றேன். ஆண்டு விழாவில் ஒரு சிறு நாடகத்துக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான், அதையும் அடித்துவிட்டேன். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. படிப்பை முடிக்காமலே நின்றுவிட்டான்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஆண்டு நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் ஹரீரியின் ‘மகாமாத்’. ஹிஜ்ரி 516இல் மறைந்த பஸ்ராவின் அறிஞர் ஹரீரி இயற்றிய அந்நூலை அரபு நடைக்கு உரைகல்லாக மதரஸாக்கள் போற்றுகின்றன. அதன் ஐம்பது அத்தியாயங்களின் நாயகன் யார்? அபூ ஸைத் என்னும் வேடதாரி. ஓர் ஊரில் கண்ணீர் மல்க உபதேசிப்பான். இன்னோர் ஊரில் வழக்காடுவான். மற்றோர் ஊரில் இரப்பான். ஒவ்வொரு முறையும் வேடத்தினுள்ளே அவனை அடையாளம் கண்டுகொள்பவன் ஹாரிஸ் என்னும் கதைசொல்லி. அவருக்கும் முன்னே, ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிஸ், பல நாட்டார் பேச்சையும் அவரினும் சிறப்பாகப் பேசிக்காட்டும் திறனாளர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். தமிழிலோ தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்றே ஓரியல் வகுத்தார். இவ்வளவையும் கற்றவன், கற்பித்தவன், என் வகுப்பறையில் ஒரு சின்னஞ்சிறு அபூ ஸைத் நின்றபோது அவனை அடையாளம் காணத் தவறினேன். நூலை நடத்தினேன், ஹாரிஸாக இருக்கத் தெரியவில்லை.

நடிப்பு ஆகுமா, ஆகாதா என்று தீர்ப்புரைக்க நான் முற்படவில்லை. எள்ளி நகையாடுதலை மார்க்கம் தடுக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் என்னைப்போலப் பேசிய அந்தப் பிள்ளையின் நிய்யத் எள்ளலா, அன்றித் தன் நாவின் பூட்டுக்கு அவன் கண்டெடுத்த ஒரே சாவியா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு தந்தை தம் மகனிடத்தில் கண்டதை ஓர் ஆசிரியன் தன் மாணவனிடத்தில் காணவில்லை. அந்த உறுத்தல் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரம் நிலையத்தில் கடற்கரை வண்டிக்காகக் காத்திருந்தேன். நடுவயதினர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். சொல் தடைப்பட்டபோதே தெரிந்துகொண்டேன். பல்லாவரத்தில் ஒரு கடையில் வேலை என்றார். நான் அவர் கையைப் பற்றி, “தம்பி, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. என்னை மாப் பண்ணிடுங்க” என்றேன். அவர் பதறிப்போனார்.

வண்டி வந்தது. இருவரும் ஏறினோம். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், குரோம்பேட்டையைக் கடக்கும்போது மெல்லக் கனைத்துக்கொண்டு, அதே இழுவையில், அதே இருமலுடன், ஓரிடத்திலும் திக்காமல் கூறினார்: “இன்னைக்குப் பாடம் இத்தோட போதும். விளங்குச்சா?”

முப்பதாண்டுக்கு முந்தைய என் குரல் அது. என்னிடமே அது இப்போது இல்லை. அவரிடம் பத்திரமாக இருந்தது. நான் சிரித்தேன், கண்ணும் கலங்கிற்று. அவர் பல்லாவரத்தில் இறங்கிக்கொண்டார்.

மகாமாத்தின் ஐம்பதாவது அத்தியாயத்தில் அபூ ஸைத் பஸ்ராப் பள்ளிவாசலுக்கு வருகிறான். பாவமன்னிப்புக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள் என்று வழக்கம்போல் நடிக்கத் தொடங்கியவனின் உள்ளம் மெய்யாகவே உருகிவிடுகிறது. அந்த அத்தியாயத்தை இப்போது நடத்தும்போது, வாசிக்கத் தயங்கும் மாணவன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அவனிடம், “உனக்குப் பிடித்த யாரையாவதுபோல் வாசித்துக்காட்டு, தம்பி” என்று சொல்கிறேன்.