ரிவர்ஸில் ஏறிய மலை

வண்டியின் அடிவயிற்றில் கல் இடிக்கும் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்கு வந்துவிடும். கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊரைத் தாண்டி, ஒரு மிளகுத் தோட்டத்துக்குப் போகும் கல் பாவிய பாதையில் அதை முதன்முதலாக உணர்ந்தேன். மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. வண்டிக்குள் நான்கு பேர். டிக்கியில் இரண்டு கூடாரம், அரிசி, பாத்திரம், இருபது லிட்டர் தண்ணீர். ஓட்டியது நான். என் கணவருக்கு மலை வளைவுகளில் தலை சுற்றும் என்பதால், மலை என்றாலே ஸ்டியரிங் என் கையில்தான்.

இடி வாங்கியது ஆயில் சேம்பர். இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். நசுங்கியிருந்தது, ஒழுகவில்லை. உயிர் வந்தது. ஆனால் அதற்கப்புறம் வண்டி ஏற மறுத்துவிட்டது. முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிச் செம்மண்ணை வாரியடித்தன. கிளட்ச் கருகும் வாடை. மூன்று பேர் இறங்கித் தள்ளியும் ஒரு முழம்கூட நகரவில்லை.

மேலே தோட்டத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெல்ல இறங்கி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார்.

“வண்டியத் திருப்பிக்க கண்ணு. ரிவர்சுல ஏத்து.”

எனக்கு விளங்கவில்லை. “ரிவர்ஸ்லயாங்க? இந்த ஏத்தத்துலயா?”

“ஏறும். நான் பின்னால நின்னு கை காட்டறேன். என் கையை மட்டும் பாரு.”

கீழே கொஞ்சம் அகலமான இடம் வரை வண்டியை விட்டுத் திருப்பினேன். டிக்கி மலையைப் பார்க்க, முகப்பு பள்ளத்தைப் பார்க்க, கண்ணாடியில் தெரிந்த அந்தக் கையை மட்டும் நம்பி ரிவர்ஸ் போட்டேன். இருநூறு அடி ஏற்றத்தை நிற்காமல் ஏறியது.

இரவு கஞ்சி குடிக்கும்போது பெரியவரே காரணத்தையும் சொன்னார். ஏற்றத்தில் எந்த வண்டியின் பாரமும் பள்ளத்துப் பக்கம் சாயும். எங்கள் வண்டியை இழுப்பதோ முன்சக்கரம். நேராக ஏறினால் பாரம் பின்னால் போய், இழுக்க வேண்டிய முன்சக்கரம் தரையில் அழுந்தாமல் சும்மா சுற்றும். டிக்கியில் வேறு கூடாரமும் தண்ணீரும். திருப்பிப் போட்டால் முன்சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்து, மொத்தப் பாரமும் அதன்மேல் இறங்கும், பிடி கிடைக்கும். எளிய கணக்குதான். பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு கூடாரத்துக்குள் தூக்கம் வரவில்லை. மலைக்கென்று ஒரு வண்டி வாங்கியாக வேண்டும் என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

ஊர் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டவை எல்லோர் கண்ணிலும் படுகிறவைதான், தாரும் ஜிம்னியும். இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும். லோ ரேஞ்ச் என்று தனியாக ஒரு கியர் கணக்கு உண்டு. அதைப் போட்டால் வண்டி நத்தை வேகத்தில், ஆனால் யானை பலத்தோடு ஏறும். தாரின் அடிப்பகுதி தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் இறங்கும் என்கிறார்கள். 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னிக்கு உயரம் 210. ஓட்டிப் பார்த்தபோது இரண்டுமே மனசைப் பிடித்து இழுத்தன. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது: தார் என்ற பெயரைப் பார்த்தே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது.

பிறகு மூட்டை கட்டும் கணக்குக்கு வந்தேன். ஜிம்னியில் நான்கு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் 208 லிட்டர் இடம். எங்கள் மலையேறும் பை ஒவ்வொன்றும் 60 லிட்டர். மூன்று பை போகும்; நான்காவது யார் மடியிலாவது உட்காரும். கூடாரம் எங்கே, அடுப்பு எங்கே, தண்ணீர் கேன் எங்கே? மூன்று கதவுத் தாரில் பின்னிருக்கையில் ஆள் ஏறிவிட்டால் பைக்கென்று மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. இரண்டு பேர் போகிறவர்களுக்கு இரண்டுமே அருமையான வண்டிகள். நாங்கள் எப்போதும் நான்கு பேர், சில சமயம் ஐந்து.

தரை உயரத்தைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். நிறுவனங்கள் சொல்லும் எண் பெரும்பாலும் வெறும் வண்டிக்கானது. எங்கள் பழைய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்தேன். ஐந்து பேரை ஏற்றி, மூட்டைகளை வைத்து மறுபடி அளந்தபோது, பின்பக்கம் ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தது. மலையில் நம்மைக் காப்பாற்ற வேண்டியது இந்த இரண்டாவது அளவு. இன்னொன்று, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம். இரண்டு வண்டிக்கும் உயரம் ஒன்றாகவே இருந்தாலும், நீளமான வண்டி மேட்டைக் கடக்கும்போது நடுவயிறு தட்டும், குட்டை வண்டி தட்டாமல் போய்விடும். ஆகவே ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வண்டி தேர்ந்தெடுக்க முடியாது.

இதற்கிடையில் கொழுக்குமலைக்குப் போனோம். சுமார் 7,900 அடி உயரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். நம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, உள்ளூர் ஜீப்பில் ஏற வேண்டும். விடியற்காலை நாலரை மணி, பனி, பெஞ்சு மாதிரி எதிரெதிர் இருக்கை. அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கல்லும் குழியுமாக ஒன்றரை மணி நேரம். எங்கள் ஓட்டுநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்போல, எந்தச் சக்கரத்தை எதன்மேல் ஏற்ற வேண்டும் என்று இருட்டிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அப்பாவும் இதே பாதையில் ஓட்டியவராம்.

மேலே சூரியன் எழும்போது, மேகங்களுக்குக் கீழே போடி பக்கத்துச் சமவெளி மெல்லத் தெரிந்தது. அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெளிந்தது. இந்தக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் என் பாதை இல்லை, இந்தப் பிள்ளையின் பாதை. அவன் பிழைப்பும் அதில்தான். இதற்காக நான் பல லட்சம் கூடுதலாகக் கொடுத்து நான்கு சக்கர இழுவை வாங்கினாலும், அவனைப்போல ஓட்டப்போவதில்லை. வருஷத்தில் ஒரு நாளுக்காக வண்டி வாங்குவதைவிட, அந்த ஒரு நாளை அவனிடம் ஒப்படைப்பது சரி. எனக்கு வேண்டியது சூரியநெல்லி வரை, செம்மேடு வரை, வால்பாறையின் 40 வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறி இறங்கி, அதன்பின் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தோட்டப் பாதையிலும் கொண்டு சேர்க்கிற வண்டி.

அந்தத் தோட்டப் பாதை ஏன் வருகிறது என்றும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் நம் விருப்பத்துக்குக் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. இருக்கவும் கூடாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில்தான் 2018 மார்ச்சில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைக் கொண்டுபோனது. அன்று அந்தப் புல்வெளியைப் பார்த்தபோது எங்கள் நால்வருக்கும் பேச்சு வரவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்தது. நடப்பது அந்தத் தடங்களில். கூடாரம் அடிப்பது தெரிந்தவர்களின் தோட்டத்தில், அவர்கள் சம்மதத்தோடு. தோட்டம் என்றால் கல் பாவிய பாதை இருக்கும். வண்டியின் வேலை அங்கேதான்.

எந்த வண்டி என்பதற்குப் பதில் கொல்லிமலையின் செம்மேட்டில் கிடைத்தது. அடுத்த முறை போனபோது, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து, மலைக்காரர்கள் என்ன ஓட்டுகிறார்கள் என்று பார்த்தேன். அன்னாசி ஏற்றிய பிக்கப், வாழைத்தார் ஏற்றிய பிக்கப், ஆள் நிறைந்த பொலேரோ, மறுபடி பொலேரோ. பக்கத்துப் பட்டறையில் கேட்டேன். “இதுன்னா நாங்களே பார்த்துடுவோம்க்கா. மத்ததுன்னா நாமக்கல்லுக்குக் கட்டி இழுத்துட்டுத்தான் போகணும்” என்றார் மெக்கானிக் தம்பி. எந்த விளம்பரத்திலும் இல்லாத வாக்கியம். எழுபது வளைவுக்கு மேலே ஒரு வண்டி நின்றுபோனால், அதைக் கை வைத்துப் பார்க்க ஆள் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

நான்கு வருஷம் ஓடிய பொலேரோ ஒன்றைச் செகண்ட்ஸில் வாங்கினோம். 180 மில்லிமீட்டர் உயரம். தாரோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் 1,493 சிசி டீசல் எஞ்சின் 1,600 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவையைக் கொடுத்துவிடுகிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து அலற வைக்க வேண்டியதில்லை. இழுப்பது பின்சக்கரம். மூட்டை ஏற ஏற அதற்குப் பிடி கூடும். ஸ்டெப்னி பின்கதவில் மாட்டியிருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் இருக்கும் வண்டியில், மழையில், இரவில் பஞ்சர் ஆகி, எல்லா மூட்டையையும் சாலையோரச் சேற்றில் இறக்கி வைத்த அனுபவம் இருப்பவர்கள் இதை மதிப்பார்கள். பின்பக்கத்துக் குட்டி இருக்கைகளை மடித்துவிட்டால், ஐந்து பைகளும் கூடாரமும் அடுப்பும் கூரை வரை ஏறிக்கொள்கின்றன. நெடுஞ்சாலையில் விரட்டுவதற்கான வண்டி இல்லை இது. நான் விரட்டுவதும் இல்லை.

வாங்கிய பிறகு ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அதிகம் பழகினேன். மலையில் வண்டிகள் கெடுவது ஏற்றத்தில். ஆள் போவது இறக்கத்தில். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 வளைவுகள். அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்கே தடை போட்டிருக்கிறார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தும் பிடிக்காது. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதையோ எஞ்சினை அணைப்பதையோ யாரும் செய்யாதீர்கள். அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைபலமும் போய்விடும். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழி விடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது எவ்வளவு பாடு என்பது அந்த மிளகுத் தோட்டப் பாதையில் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றைக் கெஞ்சியே சொல்கிறேன். வால்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கூடாரம் தாங்காத மழை இரவொன்றில், என் மகளும் அவள் தோழியும் வண்டிக்குள் படுத்தார்கள். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். நின்ற வண்டியில் எஞ்சின் ஓடினால் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் விரல் அளவு இறக்கி, இருந்த கம்பளியையெல்லாம் அவர்களுக்குப் போர்த்திவிட்டேன். நான் முன்னிருக்கையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

தை கடைசியில் கொல்லிமலைக்கு, அதே தோட்டத்துக்குப் போனோம். ஏற்றத்துக்குக் கீழே நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, முன்னால் நடந்து கல்லைப் பார்த்துவரச் சொன்னேன். முதல் கியர். இந்த முறை முகப்பு மலையைப் பார்த்தது. ஒரே இடத்தில் பின்சக்கரம் லேசாக வழுக்கி, தானாகவே பிடித்துக்கொண்டது. பெரியவர் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எப்பக் கண்ணு இறங்கற?”

“நாளை மறுநாள் காலையிலங்க.”

“அப்ப ரெண்டு மூட்டை இருக்குது. சோளக்காட்டுச் சந்தையில இறக்கிட்டுப் போயிரு.”

மூட்டைகளுக்கு இடம் விட்டுப் பைகளை அடுக்கினோம். நடக்கக் கிளம்பும்போது, முன்சக்கரத்துக்கு அடியில் அவரே ஒரு கல்லை எடுத்து அணை கொடுத்துக்கொண்டிருந்தார்.